மொட்டை மலையின் அடிவாரத்தில் ஒரு நாள்



ஆண்டு மலருக்குப் புவியியல் தொடர்பாக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நம் தலைமையாசிரியைச் சகோதரி கேட்டபோது, எனக்கு வேறு தலைப்பே தோன்றவில்லை. பணி ஓய்வு பெற்ற பின் என் மகளும் மருமகனும் என்னை ஒரு கப்பல் உல்லாசப் பயணத்திற்கு அழைத்துச் சென்றார்கள். கரிபியன் கடலில் பல தீவுகளைத் தொட்டுச் செல்லும் பயணம் அது. நீச்சல் குளமும் நாடக அரங்கும் கொண்ட அந்தப் பெரிய கப்பலைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தீவில், காலை முதல் மாலை வரை நான் கரையில் இருந்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் 'எரிமலை' பாடம் நடத்திய நான், அந்தப் பாடத்தை உண்மையாகக் கற்றுக்கொண்டது அன்றுதான். நான் செய்த ஒரு தவற்றையும் அன்றுதான் உணர்ந்தேன். அதை இறுதியில் சொல்கிறேன்.

தீவின் அறிமுகம்

உலகப் படத்தில் வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே பாருங்கள். கரிபியன் கடலின் கிழக்கு ஓரத்தில், அறுந்த மணிமாலை போல வளைந்து கிடக்கும் சிறு தீவுகள் தெரியும். இவற்றுக்குச் சிறிய அண்டிலிஸ் தீவுகள் என்று பெயர். அவற்றுள் ஒன்று மார்ட்டினிக். பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். நெடுங்காலம் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்து, 1946 முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆளப்பட்டு வருகிறது.

இந்தத் தீவுகள் இப்படி வரிசையாக வளைந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலின் அடித்தளமாகிய புவித்தட்டு, கரிபியன் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் நுழைந்து கொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளர்வதை விடவும் மெதுவான வேகம்! ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அது நடந்தால் என்ன ஆகும்? ஆழத்திற்குச் சென்ற தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலிருக்கும் சூடான பாறையை உருகச் செய்கிறது. உருகிய பாறை மேலெழுந்து எரிமலைகளாகிறது. தட்டு நுழையும் விளிம்பு வளைவாக இருப்பதால், எரிமலைகளும் வளைவாகவே அமைந்துவிட்டன.

கரையில் இறங்கினோம்

காலை ஏழு மணிக்குக் கப்பல் தலைநகரான போர் தெ பிரான்சு துறைமுகத்தை அடைந்தது. மாலை ஐந்து மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் போனார்கள். நாங்கள் சிலர் மட்டும் ஒரு சிற்றுந்தில் ஏறி, மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிச் சுமார் 30 கிலோமீட்டர் சென்றோம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். தலையில் கட்டம் போட்ட வண்ணத் துணியை முடிச்சிட்டுக் கட்டியிருந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டார். "சென்னை, முன்பு மதராஸ் என்று பெயர்" என்றேன். உடனே சிரித்துக்கொண்டே தம் தலைத்துணியைத் தொட்டுக் காட்டி, "இதன் பெயரும் மதராஸ்தான்" என்றார். எனக்கு ஒரே வியப்பு! நம் கரையிலிருந்து நெடுங்காலத்திற்கு முன் கப்பலேறிச் சென்ற கட்டத்துணி, இன்றும் அந்தத் தீவுப் பெண்களின் மரபு உடையாக நம் நகரத்தின் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

துணி மட்டுமா போயிற்று? மனிதரும் போயினர். அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. 1853 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில், ஏறத்தாழ 25,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர். முதல் கப்பல் 1853 மே மாதத்தில் சென்றடைந்த இடம், நாங்கள் அன்று போய்க்கொண்டிருந்த அதே ஊர். அதன் பெயர் சேன் பியேர். புனித பேதுரு என்று பொருள். நம் பாட்டிமார் 'இராயப்பர்' என்று சொல்வார்களே, அவருடைய பட்டணம்!

வழியெல்லாம் கடற்கரையைக் கவனித்தேன். தெற்கே பவளப்பாறைத் துகள்களால் ஆன வெண்மணல் என்று சொன்னார்கள். வடக்கே செல்லச் செல்ல மணல் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துப் போயிற்று. இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எரிமலைப் பாறை பொடிந்து உண்டான மணல் அது. மலை கண்ணில் படும் முன்பே மணல் அதன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

அழகிய நகரம், அமைதியான மலை

ஒரு வளைவைத் தாண்டியதும் மலை தெரிந்தது. உயரம் 1,397 மீட்டர். நம் ஏற்காட்டு மலையை விடக் குறைவான உயரம்தான். அடிவாரமெல்லாம் பச்சைப் பசேல். உச்சியில் மேகம். இதன் பெயர் பெலே மலை. மொட்டை மலை என்று நாம் சொல்லலாம்.

அதன் தெற்குப் பக்கத்தில், உச்சியிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில், வில் போல வளைந்த கடற்கரையில் சேன் பியேர் நகரம் இருக்கிறது. 1902ஆம் ஆண்டில் தீவின் வணிகத் தலைநகர் அதுதான். பேராலயம், நாடக அரங்கு, கல்லூரி, தாவரப் பூங்கா, தெருவில் ஓடும் டிராம் வண்டி எல்லாம் இருந்தன. 'அண்டிலிஸ் தீவுகளின் பாரிஸ்' என்று அதைப் பெருமையாக அழைத்தார்கள். இன்று அங்கே வாழ்பவர்கள் சுமார் 4,000 பேர். சிறிய, அமைதியான ஊர். புதிய வீடுகளுக்கு நடுவே பழைய கருங்கற்சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. சில வீடுகள் அந்தப் பழைய சுவர்மீதே எழுப்பப்பட்டிருக்கின்றன.

1902 மே 8ஆம் நாள், வியாழக்கிழமை. நம் ஆண்டவரின் விண்ணேற்றத் திருவிழா. காலைத் திருப்பலிக்கு மக்கள் ஆலயங்களில் கூடிக்கொண்டிருந்த நேரம். எட்டு மணி அளவில் மலையின் பக்கவாட்டிலிருந்து ஒரு கருமேகம் வெடித்துக் கிளம்பியது. அது மேலே எழும்பவில்லை. தரையோடு தரையாக நகரத்தை நோக்கிப் பாய்ந்தது. ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். 30,000 வரை இருக்கலாம் என்பாரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த எரிமலை வேறில்லை.

கொன்றது எது?

இப்போது பாடத்திற்கு வருவோம். எரிமலை என்றதும் நம் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? சிவந்த நெருப்புக் குழம்பு ஆறாக வழிந்து வருவது, அல்லவா? ஆனால் அன்று சேன் பியேர் நகரத்திற்கு ஒரு சொட்டுக் குழம்பும் வந்து சேரவில்லை!

அடுப்பங்கரையை நினைத்துப் பாருங்கள். ரசம் கொதிக்கும்போது குமிழ்கள் எளிதாக மேலே வந்து உடைகின்றன, ஆபத்தில்லை. ஆனால் கேழ்வரகுக் கூழ் கெட்டியாகிக் கொதிக்கும்போது என்ன நடக்கிறது? உள்ளே அகப்பட்ட ஆவி வெளியேற வழியின்றிச் சேர்ந்து, 'தொப்'பென்று வெடித்து, கிண்டுபவர் கையைச் சுடுகிறது. எரிமலைகளிலும் இந்த இரு வகை உண்டு. ஹவாய்த் தீவு எரிமலைகளில் உருகிய பாறை ரசம் போன்றது, எளிதில் வழிந்தோடும். பெலே மலையில் அது கூழ் போன்றது. சிலிக்கா என்னும் பொருள் அதில் அதிகம் இருப்பதே காரணம். அந்தக் கெட்டிக் குழம்பு வாயை அடைத்துக்கொள்கிறது. உள்ளே வாயுவின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நாள் அடைப்புத் தெறிக்கிறது.

அப்போது வெளிவருவது சூடான வாயுவும், சாம்பலும், பாறைத் துணுக்குகளும் கலந்த கலவை. இத்தனை துகள்களைச் சுமப்பதால் அது சுற்றியுள்ள காற்றைவிடக் கனமானது. லாரியிலிருந்து மணலைக் கொட்டும்போது புழுதி தரையோடு உருண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போலத்தான். ஆனால் இதன் வெப்பம் சில நூறு டிகிரி. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஓடித் தப்பிக்க முடியாது. உள்ளிழுத்த ஒரே மூச்சு போதும்.

பிரெஞ்சு அறிவியல் அறிஞர் ஆல்பிரட் லக்ருவா இத்தீவுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். இதற்கு அவர் 'எரியும் முகில்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார். 1904இல் வெளிவந்த அவருடைய நூல் எரிமலை இயலின் அடிப்படை நூல்களில் ஒன்று. இந்த வகை வெடிப்புக்கு இன்றும் 'பெலே வகை' என்றே பெயர்.

மலை முன்கூட்டியே சொல்லவில்லையா?

சொன்னது, பலமுறை சொன்னது. ஆண்டின் தொடக்கத்திலேயே கந்தக நெடி வீசியது. ஏப்ரல் பிற்பகுதியில் சிறு நில அதிர்வுகள் வந்தன. பிறகு சாம்பல் பொழியத் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில் தெருக்கள் சாம்பலால் வெளுத்துப் போயின. பறவைகள் செத்து விழுந்தன. மே 4ஆம் நாள் மலை உச்சிக்குச் செல்வதாக இருந்த உல்லாசப் பயணம் தள்ளி வைக்கப்பட்டது. மே 5ஆம் நாள் கொதிக்கும் சேறு ஆற்றின் வழியே பாய்ந்து, கரையிலிருந்த ஒரு சர்க்கரை ஆலையை மூடியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பின் ஏன் மக்கள் ஓடவில்லை? சிலர் வெளியேறினார்கள். ஆனால் சுற்றுப்புறக் கிராமத்தார் பலர், நகரமே பாதுகாப்பு என்று எண்ணி உள்ளே வந்தார்கள்! மே 11ஆம் நாள் தேர்தல் நடக்க இருந்தது. அதற்காகத்தான் ஆளுநர் மக்களைத் தடுத்து நிறுத்தினார் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். ஆனால் ஆளுநர் லூயி மூத்தே மே 7ஆம் நாள் தம் மனைவியுடன் சேன் பியேருக்கு வந்து தங்கினார். மறுநாள் இருவரும் மாண்டனர். ஆபத்து என்று அறிந்திருந்தால் மனைவியை அழைத்து வந்திருப்பாரா? எனவே, ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டுக் கடந்து போவது எளிது. உண்மை அதைவிடக் கடினமானது.

அவர் ஓர் அறிவியல் குழுவையும் அமைத்திருந்தார். உள்ளூர்க் கல்லூரியின் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் அதில் இருந்தார். மலைக்கும் நகரத்துக்கும் இடையே ஆழமான பள்ளத்தாக்குகள் உள்ளன. வருவது எதுவானாலும் அவற்றின் வழியே கடலுக்குப் போய்விடும். நகரத்திற்கு ஆபத்தில்லை என்று அந்தக் குழு மே 7ஆம் நாள் முடிவு சொன்னது. குழம்புக்கும் சேற்றுக்கும் அந்தக் கணக்குச் சரியே. ஆனால் மேகத்துக்குப் பள்ளத்தாக்கு ஒரு தடையா? அது கரைபுரண்டு பரவியது. முடிவு சொன்ன ஆசிரியரும் இறந்தவர்களில் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. தாம் படித்திருந்ததைச் சொன்னார். படித்தது போதவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதே மே 7ஆம் நாள், தெற்கேயுள்ள செயின்ட் வின்சென்ட் தீவில் சூஃபிரியேர் எரிமலை வெடித்து ஏறத்தாழ 1,600 பேர் இறந்தனர். செய்தி கேட்ட சேன் பியேர் மக்களில் பலர், 'பூமியின் அழுத்தம் அங்கே வெளியேறிவிட்டது. இனி நம் மலை அடங்கும்' என்று ஆறுதல் அடைந்தார்களாம். ஆனால் ஒவ்வோர் எரிமலைக்கும் அதனதன் அடுப்பு தனி.

நான் கண்ட இடங்கள்

முதலில் நாடக அரங்கின் இடிபாட்டுக்குச் சென்றோம். இரு பக்கமும் வளைந்து ஏறும் கற்படிகள் இன்னும் அழகாக நிற்கின்றன. ஏறி மேலே போனால் அரங்கு இல்லை, வானம்தான். அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தால் பழைய சிறைச்சாலை. அதில் குகை போன்ற ஒரு கல்லறை. அறை என்றே சொல்ல வேண்டும்; ஆனால் கல்லறை என்றே வாயில் வருகிறது. தடித்த சுவர், காற்று வர ஒரு சிறு திறப்பு, அதுவும் மலைக்கு எதிர்த்திசையில். அதில் அடைக்கப்பட்டிருந்த சிப்பாரிஸ் என்னும் கைதி, கடும் தீக்காயங்களோடு உயிர் பிழைத்தான். மூன்று நாள் கழித்து அவன் முனகல் கேட்டு மீட்டார்கள். பிற்காலத்தில் ஓர் அமெரிக்க சர்க்கஸ் கம்பெனி அவனை ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டியது. ஊரின் ஓரத்தில் வசித்த செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரும் தப்பினார். நகருக்குள் இருந்து பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் தப்பவில்லை. 'ராடம்' என்னும் ஆங்கிலக் கப்பல் ஒன்றுதான் எரிந்துகொண்டே வெளியேறி, அன்று மாலை செயின்ட் லூசியா தீவை அடைந்தது. 'ரொராய்மா' என்ற கப்பலில் ஒரு குடும்பமே இறக்க, ஒரு சிறுமியும் அவளுடைய செவிலித்தாயும் மட்டும் காயங்களோடு மீண்டனர். அந்தக் கப்பல்கள் இன்றும் அந்தக் கடலின் அடியில் கிடக்கின்றன. மேலே படகுகள் மிதக்கின்றன, பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

பிறகு அருங்காட்சியகம். அமெரிக்க எரிமலை ஆய்வாளர் பிராங்க் பெரே, 1929இல் மலை மீண்டும் விழித்தபோது இங்கே வந்து ஆராய்ந்து, இதை உருவாக்கினார். 2019இல் இது புதுப்பிக்கப்பட்டது. வெப்பத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள், கரியான தானியங்கள், இவற்றோடு பேராலயத்தின் வெண்கல மணி. மாணவிகளே, அந்த மணியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். தரையில் விழுந்து, நசுங்கி, ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. விண்ணேற்றத் திருநாளின் திருப்பலிக்கு மக்களை அழைத்த மணி அது.

வழிகாட்டி அம்மையார் மற்றொரு செய்தியும் சொன்னார். அந்நகரில் குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1824 முதல் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளி நடத்தி வந்தார்கள். முத்திப்பேறு பெற்ற அன்னை ஆன் மரி ஜாவுகே தொடங்கிய சபை அது. அதே சபைக் கன்னியர்தாம் 1827இல் புதுச்சேரிக்கு வந்து நம் பெண்களுக்கும் கல்வி தரத் தொடங்கியவர்கள். சேன் பியேரில் அன்று அந்தச் சகோதரிகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒன்றாகவே இறைவனடி சேர்ந்தார்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள். விடுதியில் தலைசீவி, திருநாளுக்கு வெள்ளை உடை உடுத்திக்கொள்ளும் வயதுப் பிள்ளைகள். எனக்கு அதற்குமேல் எதையும் குறித்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்திலிருந்த பேராலயத்துக்குச் சென்று ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொன்னேன்.

மலையின் சீற்றம் மே 8ஆம் நாளோடு முடியவில்லை. ஆகஸ்டு 30ஆம் நாள் மீண்டும் ஒரு எரியும் முகில் மோர்ன் ரூஜ் என்னும் ஊரைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்களுக்கு அடைக்கலம் தந்து அங்கேயே தங்கியிருந்த பங்குத் தந்தை மரியும் தீக்காயங்களால் உயிர் துறந்தார். நல்ல ஆயன் என்பவர் யார் என்பதற்கு விளக்கம் வேண்டுமா?

அன்றும் இன்றும்

இதைப் படித்துவிட்டு, 'இயற்கைக்கு முன் மனிதன் தூசு' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கதையின் பிற்பகுதியையும் கேளுங்கள்.

1902இல் 1,600 பேரைக் கொன்ற அதே செயின்ட் வின்சென்ட் எரிமலை 2020 டிசம்பரில் மீண்டும் விழித்தது. அறிஞர்கள் கருவிகளோடு இரவும் பகலும் கண்காணித்தார்கள். 2021 ஏப்ரல் 8ஆம் நாள், ஆபத்துப் பகுதியிலிருந்து வெளியேறும்படி அரசு ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். மறுநாளே மலை வெடித்தது. வீடுகள் இடிந்தன, தோட்டங்கள் அழிந்தன. ஆனால் வெடிப்பில் அடிபட்டு ஓர் உயிர்கூடப் போகவில்லை! மலை அதே மலை. மாறியது மனிதரின் அறிவும், அந்த அறிவுக்குச் செவிசாய்க்கும் மனமும்தான்.

எச்சரிக்கை எப்போதும் பலிக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1976இல் பக்கத்துத் தீவாகிய குவாதலூப்பில் 70,000 பேருக்கு மேல் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். எதிர்பார்த்த பெருவெடிப்பு வரவில்லை. மக்கள் எரிச்சலடைந்தார்கள். ஆனால் வீணாய்ப் போன ஒரு பயணத்தையும் வீணாய்ப் போன ஓர் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

பெலே மலையும் உறங்கிவிடவில்லை. 2020 டிசம்பரில் அதன் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. அங்கே ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒவ்வொரு சிறு அதிர்வும் பதிவாகிறது. 2023இல் இந்த மலையும் அதைச் சார்ந்த காடுகளும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

நம் கரைக்கு எரிமலை இல்லை. இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமான் பகுதியிலுள்ள பேரன் தீவு ஒன்றே. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாளை நம்மால் மறக்க முடியுமா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகள் எத்தனை பேரைக் கடல் கொண்டு போயிற்று! அதே காலை தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில், விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கவனித்தாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. "சுனாமி வருகிறது!" என்று பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னாள். கடற்கரை காலி செய்யப்பட்டது. சுமார் நூறு பேர் உயிர் பிழைத்தார்கள். பிள்ளை சொன்னாள், பெரியவர்கள் கேட்டார்கள். இரண்டும் வேண்டும்.

நான் செய்த தவறு

நான் பணியில் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் 'எரிமலை' பாடம் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், குழம்பு மெதுவாத்தானே வரும்? ஓடித் தப்பிச்சுடலாமே. அப்புறம் எப்படி ஊரே செத்துப் போகுது?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பாடத்தில் இருக்கிறதை மட்டும் படி" என்று உட்கார வைத்துவிட்டேன். அந்த ஆண்டுத் தேர்வில் அவள், 'மக்களைக் கொல்வது குழம்பு அல்ல, சூடான புகையும் சாம்பலுமாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்துச் சுழியம் போட்டேன்.

சேன் பியேரின் கறுப்பு மணலில் நின்றபோது அந்தச் சுழியம் என் கண் முன் வந்தது. அந்தக் குழு செய்த அதே தவற்றை நானும் செய்திருந்தேன். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அடித்துவிட்டேன். யாரும் சாகவில்லை, ஆனால் ஒரு நல்ல கேள்வி செத்தது. அந்த மாணவி இப்போது தாயாக இருக்கலாம். அவள் மகளே இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கலாம். அம்மா, உன் விடை சரி. ஆசிரியைதான் தவறு. முழு மதிப்பெண்ணும் உனக்கே.

மாலையில் கப்பல் புறப்பட்டது. மேல் தளத்தில் நின்று வடக்கே பார்த்தேன். மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. கேட்பதற்குக் கூச்சப்படாத மாணவியரையும், 'தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்' என்று சொல்லத் தயங்காத ஆசிரியைகளையும் நம் பள்ளிக்கு இறைவன் என்றும் தருவாராக!

சிந்திக்கவும் செய்யவும்

1. ஹவாய் எரிமலைக்கும் பெலே மலைக்கும் உள்ள வேறுபாட்டை, ரசம், கூழ் உவமையின்றி உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக.
2. சிறிய அண்டிலிஸ் தீவுகள் வில் வடிவில் அமைந்ததேன்? படம் வரைந்து விளக்குக.
3. 1902 மே 7ஆம் நாள் நீங்கள் அந்த அறிவியல் குழுவில் இருந்திருந்தால் என்ன கேள்வி கேட்டிருப்பீர்கள்?
4. 1976இல் குவாதலூப் மக்களை வெளியேற்றியது சரியா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து வாதிடுக.
5. உங்கள் ஊரில் புயல், வெள்ளம் இவற்றுக்கான எச்சரிக்கை யார் மூலம் வருகிறது? வீட்டிலிருந்து மேடான இடத்துக்குச் செல்லும் வழி எது? இன்று மாலையே பெற்றோருடன் நடந்து பார்த்து எழுதுக.